14 சென்ட் இடம், 260 வண்டி, ஒரே கேட்: கல்லூரி பைக் ஸ்டாண்டை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: ஸ்டாண்டு பொறுப்பாளர்

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரிக்காகக் கேட்கிறேன். மாணவர் வண்டி விட 100 அடிக்கு 60 அடி இடம் இருக்கிறது, அதாவது 14 சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. சரல் மண் தரை. மேற்கே மேடு, கிழக்கே தாழ்வு. 100 அடிப் பக்கம் தெற்கு வடக்காக ஓடுகிறது. மேற்கு ஓரத்தில் இரண்டு தென்னை நிற்கிறது.

தினமும் 260 இருசக்கர வண்டி வருகிறது. ஒன்பது மணிக்கே இடம் நிறைந்துவிடும், மிச்சம் எல்லாம் ரோட்டோரம்தான். சாயங்காலம் 12 அடி கேட் வழியே வெளியேற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலத்தில் சைடு ஸ்டாண்டு மண்ணில் இறங்கி, ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையே சாய்கிறது. பக்கத்து நிலம் வாங்க வழியில்லை. உள்ள இடத்தை வைத்து என்ன செய்யலாம்?

பதில் 1: சைட் இன்ஜினியர்

முதலில் கோடு போடுங்கள் சார். கோடு இல்லாத மைதானத்தில் முதலில் வந்தவன் வைத்ததுதான் வரிசை. அதற்குப் பின்னால் வருகிறவன் வழியை அடைப்பான், உங்கள் இடத்தில் 130 தாண்டுவதே கஷ்டம்.

ஸ்பிளெண்டர் 2 மீட்டர் நீளம், 72 செ.மீ. அகலம். ஆக்டிவா 1.83 மீட்டர், 70 செ.மீ. ஆகவே வரிசையின் ஆழம் 7 அடி போதும் (புல்லட் மட்டும் ஒரு விரல் வெளியே நிற்கும், பரவாயில்லை). 7 அடி வரிசை, 6 அடி வழி, மறுபடி 7 அடி வரிசை: ஒரு தொகுதி 20 அடி. உங்கள் 60 அடியில் அப்படி மூன்று தொகுதி, ஆறு வரிசை சரியாக அடங்கும். 100 அடி நீளத்தில் கேட் பக்கம் 5 அடி, நடுவில் 5 அடி குறுக்கு வழிக்கு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிசையும் 45 அடியாக இரண்டு பாதி ஆகும்.

இனி அகலம். சென்டர் ஸ்டாண்டு போட்டால் ஒரு வண்டிக்கு 2 அடி 9 அங்குலம் போதும். பாதி வரிசைக்கு 16, மொத்தம் 192. சைடு ஸ்டாண்டு என்றால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து 3 அடி 3 அங்குலம் பிடிக்கும். பாதிக்கு 13, மொத்தம் 156. ஸ்டாண்டை மாற்றிப் போடுவதாலேயே 36 இடம் கிடைக்கிறது. டியூக், ஆர்15 மாதிரி சென்டர் ஸ்டாண்டே இல்லாத வண்டிகளுக்கு ஒரு பாதி வரிசையை ஒதுக்கிவிடுங்கள், மற்றவற்றோடு கலக்காதீர்கள். அதனால் மூன்று இடம் குறையும்.

தென்னைக்கு நேர் கீழே மூன்று மூன்று இடம் காலியாக விடுங்கள். 45 நாளுக்கு ஒருமுறை தேங்காய் வெட்டும்போதே காய்ந்த ஓலையையும் இறக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்கை நசுக்க ஒரு மட்டை போதும். எல்லாம் கழித்து 183 வண்டி நிற்கும்.

தரைக்கு முழு கான்கிரீட் வேண்டாம். ஸ்டாண்டு ஊன்றும் இடத்தில் மட்டும் பட்டை போட்டால் போதும். முன்சக்கரம் கோட்டைத் தொட்டால் ஸ்டாண்டின் கால் சுமார் 4 அடியில் விழும். கோட்டிலிருந்து 3 அடி முதல் 5 அடி வரை, 2 அடி அகலம், 4 அங்குல கனம். ஆறு வரிசைக்கும் சேர்த்து 360 கன அடி. முழுத் தரைக்கும் அதே கனத்தில் போட்டால் 2,000 கன அடி ஆகும், கணக்கு பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத் தரையில் மெட்டல் (கருங்கல் ஜல்லி) விரித்து, மேலே பாறைப்பொடி போட்டு ரோலர் ஓட்டுங்கள். கிழக்கு ஓரத்தில் ஓர் அடி ஓடை வெட்டாவிட்டால் ஆனி ஆடி மழையிலேயே பாறைப்பொடி கேட் வரை வந்துவிடும்.

பதில் 2: வடசேரி ஸ்பேனர்

அண்ணன் கணக்கு சரிதான், ஆனால் சரிவை விட்டுவிட்டார். சென்டர் ஸ்டாண்டும் சரி, சைடு ஸ்டாண்டும் சரி, வண்டி முன்னால் உருண்டால் மடங்கிவிடும். அதனால் எந்த வரிசையாக இருந்தாலும் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். உங்களுக்கு அது மேற்கு. வழியின் மேற்குப் பக்க வரிசையில் நேராக ஏற்றுங்கள், கிழக்குப் பக்க வரிசையில் பின்னால் தள்ளி இறக்குங்கள். எல்லா வண்டியும் ஒரே முகமாக நின்றால் ஹேண்டில் ஹேண்டிலோடு சிக்காது, கண்ணாடியும் உடையாது. கான்கிரீட் பட்டையை ஒவ்வொரு வரிசைக்கும் மேற்குக் கோட்டிலிருந்து அளந்து போடுங்கள்.

கியர் வண்டியை முதல் கியரில் விட்டுப் போகச் சொல்லுங்கள். வண்டிக்கு உறை போட விடாதீர்கள். ஆரல்வாய்மொழிப் பக்கக் கல்லூரிகளில் ஆடிக் காற்றுக்கு உறை பாய்மரம்தான், நிற்கிற வண்டியையும் தள்ளிவிடும்.

பெட்ரோல் திருட்டு பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் டியூபை உருவினால் பெட்ரோல் வந்துவிடும். டேங்க் அடியில் உள்ள பெட்ரோல் திருகை அடைத்து வைக்கப் பழக்குங்கள். 2020க்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் அது அவ்வளவு லேசு இல்லை.

பதில் 3: குழித்துறை

260 வண்டிக்கு 183 இடம் என்றால் 77 வண்டி எங்கே போகும்? அதை ரோட்டில் தள்ள முடியாது. இடைஞ்சலாக நின்றால் மோட்டார் வாகனச் சட்டம் 122ஆம் பிரிவில் அது குற்றம், 127இன்படி போலீஸ் இழுத்துக்கொண்டும் போகலாம்.

வண்டி விட அனுமதி ஸ்டிக்கர் கொடுக்கும்போதே வடிகட்டுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநர் உரிமம் மூன்றும் காட்டினால்தான் ஸ்டிக்கர். முதலாண்டில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும், உரிமமே எடுக்க முடியாது. 50 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு 18 ஆக வேண்டும். 18 ஆகாதவர் ஓட்டிப் பிடிபட்டால் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. இதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது தூரம். டவுண் பஸ் கல்லூரி வாசலில் நிற்கும் ஊர்க்காரர்களுக்குக் கடைசி முன்னுரிமை. மாணவிகளுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் டிக்கெட்டே இல்லை. உள்ளூர் ரூட்டில் காலை ஒரே பஸ் உள்ளவர்களுக்கும், இரண்டு பேர் ஒரே வண்டியில் வருபவர்களுக்கும் முதலில் கொடுங்கள். மூன்று சக்கர ஸ்கூட்டரில் வரும் மாற்றுத்திறனாளிகளுக்கு கேட் அருகே 5 அடி அகலத்தில் இரண்டு இடம், அதில் வேறு யாரும் விடக்கூடாது.

கேள்வியாளர்

நன்றி. கேட் பற்றி யாரும் சொல்லவில்லையே? இப்போது வாட்ச்மேன் டோக்கன் வாங்கித்தான் வெளியே விடுகிறார்.

பதில் 4: சைட் இன்ஜினியர்

அந்த டோக்கன்தான் வில்லன். நிற்காமல் போனால் ஒரு வண்டிக்கு 3 நொடி, 183 வண்டி சுமார் 9 நிமிடத்தில் வெளியே. டோக்கன் தேடி எடுத்துக் கொடுக்க 8 நொடி என்றால் 24 நிமிடம். டோக்கனை ஒழித்துவிட்டு, முன் மட்கார்டில் ஸ்டிக்கர் எண், அதே எண் அடையாள அட்டையின் பின்பக்கம். அட்டையைக் கழுத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓட்டினால் வாட்ச்மேன் பார்த்தபடியே விடலாம்.

மாலையில் 12 அடியையும் வெளியேறுவதற்கே கொடுத்து நடுவில் கயிறு கட்டுங்கள்: இடப்பக்கம் திரும்புபவர் ஒரு வரிசை, வலப்பக்கம் திரும்புபவர் ஒரு வரிசை. லாரிக்காகக் காத்து நிற்கும் ஒரு வலப்பக்கக்காரன் எல்லோரையும் தடுப்பது இதோடு போகும். வகுப்பு முடியும் நேரத்தைத் துறைவாரியாக 10 நிமிட இடைவெளியில் மூன்றாகப் பிரிக்க முதல்வரிடம் கேளுங்கள்.

பதில் 5: வடசேரி ஸ்பேனர்

கயிறு வேண்டாம் மக்கா, மாலை வெயில் கண்ணில் அடிக்கும்போது தெரியாது. வெள்ளை அடித்த டின்னில் மணல் நிரப்பி வரிசையாக வையுங்கள், பெட்ரோல் தீப்பிடித்தால் அந்த மணலே உதவும்.