புதுப்பிப்பு: 64 ஜிபி கார்டுல ஆனியன் ஓஎஸ் ஏறல – இப்போ சரியாயிடுச்சு
மியூ மினி ப்ளஸ்ல (பழைய கேம் ஆடுற, கைல பிடிக்கிற குட்டி மெஷின்) 64 ஜிபி மெமரி கார்டு போட்டா ஆனியன் ஓஎஸ் (அதுக்குன்னு ஆர்வலர்கள் எழுதின ஃப்ரீ சிஸ்டம் சாஃப்ட்வேர்) இன்ஸ்டாலே ஆகலன்னு கோத்தகிரில இருந்து கேட்டிருந்தேனே, உதவின எல்லாருக்கும் தேங்க்ஸ். கார்டை ஃபேட்32ல (ஃபைல் சேமிக்கிற ஒரு பழைய முறை) ஃபார்மட் பண்ணிப் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாருல்ல, அதான் வேலை செஞ்சுது. என் லேப்டாப் விண்டோஸ்ல 32 ஜிபிக்கு மேல இருந்தா அந்த ஆப்ஷனே வரல, எக்ஸ்ஃபேட்ங்கற வேற முறைதான் காட்டுச்சு, அதனால ரூஃபஸ்ங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர்ல ஃபார்மட் பண்ணி ஃபைலெல்லாம் காப்பி பண்ணேன், உடனே ஏறிடுச்சு. புது கார்டு வாங்க இந்த மழைல ஊட்டிக்கு பஸ் ஏறாம தப்பிச்சேன்.

பிஎஸ்1 (சோனியோட முதல் ப்ளேஸ்டேஷன்) கேம் வரைக்கும் சூப்பரா ஓடுது. ராம் 128 எம்பிதான், பிஎஸ்பி (சோனியோட கைல பிடிக்கிற ப்ளேஸ்டேஷன்) கேமையெல்லாம் மறந்துடுங்க.

எதிர்பார்க்காதது ஹோம்ப்ரூ (ஆர்வலர்களே எழுதி விடுற கேம்) பக்கம்தான், 2004ல ஃப்ரீயா வந்த கேவ் ஸ்டோரி இதுல அட்டகாசம், கரண்ட் போனதுல இருந்து தம்பி கைய விட்டு இறக்கவே இல்ல. டூம் கேமுக்கு மட்டும் வாட் ஃபைல (கேமோட டேட்டா இருக்கிற ஃபைல்) நாமளே போடணும்.