கொலு பொம்மை ஒட்டும்போது சேலையிலும் பட்டுப் பாவாடையிலும் சிந்திய பசை: எப்படி எடுப்பது?

கேள்வி: மந்தைவெளி, ஞாயிறு மாலை

அம்மா எனக்குக் கொடுத்த தசாவதார செட்டில் வாமனரின் குடை உடைந்திருந்தது. அமாவாசைக்குப் படி கட்டும் முன் ஒட்டிவிடலாம் என்று இன்று மதியம் உட்கார்ந்தேன். சின்ன ட்யூப்பில் வருமே, தொட்டவுடன் ஒட்டும் பசை, அதுதான். போன வருடம் திறந்தது. வாய் அடைத்திருந்ததால் அழுத்திப் பிதுக்கினேன். படக்கென்று பீறிட்டு மடியில் கொட்டிவிட்டது. அந்த நொடியே தொடையில் சுரீரென்று சுட்டது. பயந்து எழுந்ததில் பக்கத்தில் இருந்த மகளின் பாவாடையிலும் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது.

என் சேலை கரும்பச்சை சுங்குடி, பருத்தி. அப்பா கடைசியாக மதுரை போனபோது வாங்கி வந்தது. அதில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு. மகளுடையது அரக்கு நிறப் பட்டுப் பாவாடை. நவராத்திரிக்காகப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு பட்டின் மேல், கரைக்கு இரண்டு விரல்கடை மேலே. இன்னொன்று ஜரிகையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது.

இதுவரை செய்தது: நகத்தால் சுரண்டினேன், தேங்காய் எண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் வைத்தேன், சேலையை மட்டும் வெந்நீரில் ஊறவைத்து சோப்புப் போட்டேன். எதற்கும் அசையவில்லை. கண்ணாடித் துண்டு மாதிரி விறைத்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை அவள் அந்தப் பாவாடையைத்தான் கட்ட ஆசைப்படுகிறாள். வீட்டில் இருப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: பெரம்பூர்

தேங்காய் எண்ணெயை இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டு ஒரு ராத்திரி வைத்துப் பாரும்மா. எங்கள் வீட்டில் பலாப்பழம் வெட்டும்போது மருமகளின் சேலையில் பால் ஒட்டிப் பிசினாகிவிட்டது. எண்ணெய் தேய்த்து ஊறவைத்துப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டுத் துவைத்ததும் சுத்தமாகப் போய்விட்டது. பையன் கால்சட்டையில் எலிப் பசை அட்டை ஒட்டியபோதும் இதைத்தான் செய்தேன். பசை என்றால் எண்ணெய்தான்.

பதில்: அம்பத்தூர்

அக்கா, எண்ணெய் வேலைக்கு ஆகாது. எங்கள் பட்டறையில் கையில் பசை ஒட்டினால் தின்னர் தொட்டுத் துடைப்போம். இல்லையென்றால் வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்.

பதில்: தாம்பரம், வேதியியல் ஆசிரியை

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கொலு வீடு, விளக்கு எரியும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறையில் இருக்கும் சுடரைக்கூடப் பிடித்துக்கொள்ளும். அதோடு, இந்தப் பசையை அது கரைக்கவும் செய்யாது.

முதலில் உங்கள் தொடையைப் பாருங்கள். கொப்புளம் வந்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தோலில் பசை ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து வைத்தால் தானாக விளிம்பு தூக்கும். நீங்கள் சூடு பட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஃபெவிக்விக் போன்ற பசைகள் எல்லாம் சயனோஅக்ரிலேட். காற்றிலும் துணியிலும் இருக்கும் துளி ஈரம் பட்டாலே இறுகிவிடும். இறுகும்போது வெப்பத்தை வெளியே விடும். பருத்தியில் அது மிக வேகமாக நடக்கும், புகை வரும் அளவுக்குக்கூடச் சூடாகும். அதனால்தான் இது சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கக் கூடாது. போன வருடம் திறந்த ட்யூப்பின் வாய் அடைத்திருந்ததும் இதே ஈரத்தால்தான்.

பெரம்பூர் அம்மா சொன்னதில் தவறில்லை, ஆனால் அது வேறு பசைக்கு. பலாப்பால், எலி அட்டை, ஸ்டிக்கர் கோந்து இவை கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருப்பவை. எண்ணெய் அவற்றுக்குள் ஊறி இளக்கிவிடும். சயனோஅக்ரிலேட் இறுகிவிட்டால் அது கெட்டியான பிளாஸ்டிக். எண்ணெய் அதன் உள்ளே நுழையாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை சிந்தியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாலே பெரும்பாலும் போயிருக்கும். இரண்டு ட்யூப்பைக் கலந்து ஒட்டுகிற எபாக்ஸி என்றால், இறுகிய பிறகு வீட்டில் எடுக்கவே முடியாது என்று சொல்லியிருப்பேன். எந்தப் பசை என்று நீங்கள் எழுதியது நல்லதாயிற்று.

உங்களுக்கு வேண்டியது அசிட்டோன். நகப்பூச்சு எடுக்கும் திரவத்தில் இருக்கும். அசிட்டோன் பருத்தி நூலை ஒன்றும் செய்யாது, சாயத்தை மட்டும் சோதிக்க வேண்டும். சுங்குடியின் உள்முனை, அதாவது இடுப்பில் செருகும் பக்கம், அங்கே ஒரு சொட்டு விட்டு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் பச்சை ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சாயம் வரவில்லை என்றால் மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ போய்விடுங்கள். விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எவர்சில்வர் தட்டில் பழைய வெள்ளை வேட்டித் துண்டை மடித்துப் போட்டு, அதன் மேல் பசை இருக்கும் பக்கம் கீழே வருமாறு சேலையை வையுங்கள். பின்பக்கத்திலிருந்து அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நம் ஊர் வெயிலில் அது நொடியில் பறந்துவிடும். அதனால் மேலே ஒரு பால் கவரைக் கழுவித் துடைத்து மூடிப் பத்து நிமிடம் வைத்திருங்கள். தெர்மோகோல் தட்டு, பாலிஷ் போட்ட மேஜை பக்கம் கொண்டுபோகாதீர்கள், இரண்டையும் அசிட்டோன் தின்றுவிடும். பசை வெள்ளையாகி ஜெல்லி மாதிரி ஆனதும் கரண்டியின் பின்புறத்தால் மெல்ல வழித்தெடுங்கள். தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். ஒரே தடவையில் போகாது. மூன்று நான்கு தடவை ஆகலாம்.

பட்டுப் பாவாடைக்கு இதைச் செய்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பட்டு இழைக்கு அசிட்டோனால் கெடுதல் இல்லை, ஆனால் அரக்குச் சாயமும் ஜரிகையும்தான் கவலை. உள்ளே லைனிங் என்ன துணி என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர், ஞாயிறு இரவு

ரொம்ப நன்றி மேடம். தொடை சிவந்திருக்கிறது, கொப்புளம் இல்லை. தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் ஒரு ரிமூவர் வாங்கினேன். இளஞ்சிவப்பு நிறம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதில் அசிட்டோன் இல்லை என்றே அச்சிட்டிருக்கிறது. இது உதவுமா? லைனிங் வழவழப்பாக இருக்கிறது, பருத்தி மாதிரி தெரியவில்லை.

பதில்: தாம்பரம், வேதியியல் ஆசிரியை

அசிட்டோன் இல்லாதவற்றில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும். அதுவும் இளக்கும், மெதுவாக. ஆனால் நிறம் சேர்த்தது வேண்டாம், அந்தச் சிவப்பே புதுக் கறை ஆகிவிடும். நிறமில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். சுத்தமான அசிட்டோன் வேண்டுமென்றால் பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் இருக்கின்றன.

லைனிங்குக்கு ஒரு சோதனை: உள் தையல் ஓரத்தில் லைனிங் துணியிலிருந்தே ஒரு இழையை (தைத்த நூலை அல்ல) உருவி, கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் அசிட்டோன் விட்டு அதில் போடுங்கள். நூல் கரைந்து கொழகொழவென்று ஆனால் அது அசிடேட். அந்தத் துணியில் அசிட்டோன் பட்டால் கறைக்குப் பதில் ஓட்டைதான் மிஞ்சும். நூல் அப்படியே இருந்தால் பயமில்லை. கல்லும் சமிக்கியும் பசையால் ஒட்டிய துணிகளுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது, அவை உதிர்ந்துவிடும்.

பதில்: வியாசர்பாடி, சலவைத் தொழில்

பாவாடை விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஜரிகை மேல் விழுந்ததை வீட்டில் தொடாதீர்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. இப்போது வருவதில் நிறையப் பிளாஸ்டிக் ஜரிகை. அதில் மேல்பூச்சு போய்விட்டால் அந்த இடம் வெளுத்து, பசையைவிட அசிங்கமாகத் தெரியும். சுரண்டினால் கம்பி பிரிந்துவிடும்.

டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால் என்ன பசை, எப்போது விழுந்தது, வீட்டில் என்னென்ன போட்டீர்கள், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்ததையும் சொல்லுங்கள். இயந்திரத்தில் போட்டு எடுப்பதால் மட்டும் இந்தப் பசை போகாது. கறை எடுக்கிறவர் அந்த இடத்தில் கையால் தனியாக வேலை செய்ய வேண்டும். பசை இருக்கும்வரை இஸ்திரி போடவே போடாதீர்கள். பட்டுக்கு பிளீச்சும் கூடாது, குளோரின் பிளீச் பட்டு இழையையே அரித்துவிடும்.

இடையில் ஒரு கேள்வி: வேளச்சேரி

மன்னிக்கவும், இதே இழையில் கேட்கிறேன். மகனின் பள்ளிச் சட்டையில் அளவு ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன். பசை உருகி நீளமாக ஒரு கோடு, அதில் அழுக்கும் ஒட்டிக்கொண்டது. எனக்கும் அசிட்டோன்தானா?

பதில்: பெரம்பூர்

உங்களுக்குத்தான் தம்பி என் எண்ணெய். ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெயோ நீலகிரித் தைலமோ விட்டுக் கால் மணி நேரம் வையுங்கள். அப்புறம் விரலால் உருட்டினால் பசை திரண்டு வரும். உடனே பாத்திரம் தேய்க்கும் லிக்விடை நேராக அந்த இடத்தில் விட்டுக் கசக்குங்கள், தண்ணீர் அப்புறம். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் எண்ணெய்க் கறை நின்றுவிடும். போர் தண்ணீராக இருந்தால் சோப்புக் கட்டி நுரைக்காது, லிக்விடே போதும். தாம்பரம் டீச்சர் சொன்ன பிறகுதான் என் வைத்தியம் எதற்குப் பலிக்கிறது, எதற்குப் பலிக்காது என்று எனக்கே விளங்கியது.

கேள்வி கேட்டவர், செவ்வாய் மதியம்

சேலையில் வெற்றி! உள்முனையில் சாயம் வரவில்லை. மொட்டை மாடியில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். முதல் தடவை ஒன்றுமே நடக்கவில்லை, மனசு விட்டுவிட்டது. பால் கவர் மூடி வைத்த இரண்டாவது தடவையில்தான் ஓரம் வெள்ளையாக இளகியது. நான்காவது தடவையில் திட்டு முழுவதும் கரண்டியில் வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய வளையம் ஒன்று தெரிகிறது, கட்டினால் மடிப்பில் போய்விடும். அந்த இடம் இப்போது துணி மாதிரி மெதுமெதுவென்று இருக்கிறது. தடவிப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

பாவாடை லைனிங் நூல் டம்ளரில் கரைந்துபோய்விட்டது. நல்லவேளை சோதித்தேன். தெரிந்த சலவைக் கடையில் காட்டினேன். ஜரிகை ஓரத்தில் இருந்ததை அவர் விரலால் வளைத்து வளைத்தே உதிர்த்துவிட்டார், மேலோட்டமாகத்தான் இருந்ததாம். பட்டின் மேல் இருப்பது உள்ளே இறங்கிவிட்டது, சாயம் போனால் பொறுப்பில்லை என்றார். திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

பதில்: சைதாப்பேட்டை, தையற்கடை

வாங்கி வந்தது நல்லது. பாவாடையில் டக் பிடித்திருக்கிறதா? குழந்தை வளர வளரப் பிரித்து விடுவதற்காக நடுவில் ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்திருப்பார்கள். இருந்தால், அதைப் பிரித்துவிட்டு அதே அளவு மடிப்பைக் கீழே, கரைக்கு மேலே பிடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சொட்டு மடிப்பின் உள்பக்கம் போகிற மாதிரி. நீளம் ஒரு விரல்கூட மாறாது. பழைய தையல் தடம் பட்டில் கொஞ்சம் தெரியும். உள்பக்கமாக ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் பசை இருக்கும் இடத்தில் சூடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர், வெள்ளி இரவு

டக் இருந்தது. நான்கு அங்குலத்துக்குப் பிடித்திருந்ததைப் பிரித்து, நீங்கள் சொன்னபடியே கரைக்கு மேல் மாற்றித் தைத்துக்கொடுத்தார் எங்கள் தெரு தையற்காரர். சொட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. மகள் இன்று அதைக் கட்டிக்கொண்டு நான்கு வீட்டுக் கொலுவுக்குப் போய்ச் சுண்டல் வாங்கி வந்தாள். நான் சுங்குடி கட்டிக்கொண்டு போனேன்.

வாமனரின் குடையை இந்த முறை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். ஒரு ராத்திரி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன், நன்றாகப் பிடித்துக்கொண்டது.