பாத்ரூம் வாசலில் பாய்

மழைத்துளி:
ஏழு மாதமாக அப்பாவுக்குப் பேதி. ஐபிஎஸ் (குடலில் புண்ணோ கட்டியோ இல்லாமலே வயிற்றுவலியும் பேதியும் வரும் கோளாறு) என்றார்கள், மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பெருங்குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை. எடை மட்டும் 14 கிலோ இறங்கியிருந்தது. ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். பாத்ரூம் வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். "கட்டில்லேர்ந்து எழுந்து வர்றதுக்குள்ள ஆயிடுதும்மா" என்றார். ஐபிஎஸ் பொதுவாகத் தூக்கத்தைக் கலைத்து எழுப்பாது என்று அப்போது எனக்குத் தெரியாது. ராத்திரி போவதைப் பற்றி மருத்துவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கடைசியில் சிறுகுடலில் சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் டி செல் லிம்போமா, வெள்ளை அணுக்களில் வரும் ஒரு புற்றுநோய்.

கரையோரம்:
என் அக்காவுக்கும் இதுதான். முதலில் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய்) என்றார்கள். ஒரு வருஷம் கோதுமையைத் தொடவில்லை, பேதியும் நிற்கவில்லை. ஒரு நாள் விடியற்காலை வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது, தொடவே விடவில்லை. குடலில் ஓட்டை. வெட்டியெடுத்த துண்டில்தான் லிம்போமா தெரிந்தது. பழைய பயாப்ஸியிலேயே கண்டுபிடித்திருக்கலாம், அலட்சியம்தான் காரணம்.

பழைய செவிலி:
கரையோரம், அலட்சியம் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் இது சீலியாக் போலவே தெரியும். பயாப்ஸித் துண்டில் செல்களின் வகையைக் காட்டும் சிடி3, சிடி8, சிடி56 சாயங்கள் போட்டால்தான் சந்தேகமே வரும். சீலியாக் நோயிலிருந்தே வரும் வகையும் உண்டு, அதோடு சம்பந்தமில்லாத வகையும் உண்டு.

எங்கள் வார்டில் ஒரு பையனுக்கு ஐப்சிட் என்ற சிறுகுடல் லிம்போமா. பி செல் வகை, ஆல்பா ஹெவி செயின் நோய் என்றும் சொல்வார்கள். ஆரம்ப நிலை என்பதால் டெட்ராசைக்ளின் மாத்திரையிலேயே பேதி நின்றது. முதன்முதலாகக் கெட்டியாகப் போனதை வந்து சொன்னபோது அவன் அம்மா அழுதார்.

சரி, மற்றவர்களுக்குச் சில வார்த்தை. நாள்பட்ட பேதியில் மிகச் சிலருக்கே இது இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ராத்திரியில் போகிறதா, எடை குறைகிறதா, காய்ச்சல் உண்டா என்று மருத்துவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கொலனோஸ்கோப்பி சிறுகுடலின் கடைசிப் பகுதியைத்தான் எட்டும். மேலிருந்து விடும் சாதாரண எண்டோஸ்கோப்பி முதல் பகுதியோடு நின்றுவிடும். நடுவில் பல அடி நீளம் பார்க்கப்படாமலே கிடக்கும். அங்கே போக, சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் நீளக் குழாயான என்ட்ரோஸ்கோப்பி வேண்டும். விழுங்கும் கேமரா கேப்ஸ்யூலும் உண்டு, ஆனால் குடல் சுருங்கியிருந்தால் அது சிக்கிக்கொள்ளலாம், சதையும் எடுக்காது. பயாப்ஸி ஸ்லைடுகளை இன்னொரு பெத்தாலஜிஸ்டிடம் காட்டுவதில் தப்பே இல்லை. அப்புறம் முக்கியமாக, லிம்போமா சந்தேகம் இருந்தால் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டுமா என்று கேளுங்கள். முன்னாலேயே கொடுத்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியில் நோய் தெரியாமல் மறைந்துகொள்ளலாம்.

மழைத்துளி:
அப்பாவுக்குப் பயாப்ஸிக்கு முன்னால் மூன்று வாரம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் கட்டிலில்தான் தூங்கினார். பாயைச் சுருட்டி வைத்தது நான்தான்.