மறு: அனோமுரா – ‘போலி நண்டு’ வேண்டாம், ‘பிறழ்வாலி’ என்போம்

வணக்கம். துறவி நண்டு, அரச நண்டு முதலியவை அடங்கிய ‘அனோமுரா’ என்ற விலங்கியல் பிரிவுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘போலி நண்டுகள்’ என்று வைத்துவிட்டால் எல்லோருக்கும் சட்டென்று புரியுமே?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். இந்த வகையில் அச்சு அசலாக நண்டைப் போலவே இருப்பவை கொஞ்சம்தான். போர்சலின் நண்டும், அலாஸ்காப் பக்கம் பிடிக்கிற அரச நண்டும் கண்ணை ஏமாற்றும், சரி. மெரினாவில் அலை பின்வாங்கும்போது பின்பக்கமாகவே மணலுக்குள் புதைந்துகொள்ளும் எமரிட்டா என்ற சிறு உயிரியும் இந்த வகைதான், அதற்குக் கொடுக்கே கிடையாது. அதைப் போய் எந்த நண்டுக்குப் போலி என்பது?

மூலப்பெயர் வாலைத்தான் சொல்கிறது. அசல் நண்டுகளின் பிரிவான பிராக்கியூரா என்றால் குட்டை வால், அனோமுரா என்றால் ஒழுங்கு தப்பிய வால். எனவே முன்னதைக் குறுவாலிகள், பின்னதைப் பிறழ்வாலிகள் என்று ஜோடியாக வைக்கலாம். வயிற்றுக்காலி (நத்தை வகை), தலைக்காலி (கணவாய் வகை) எல்லாம் பழகிவிட்ட பிறகு வாலி மட்டும் உறுத்தப்போவதில்லை (கிஷ்கிந்தை ஞாபகம் வருகிறது என்று ஒருவர் கேலி செய்திருந்தார், வந்தால் வரட்டும், மாணவர்களுக்கு மறக்காது).

வால் பிறழ்ந்திருப்பதும் உண்மைதான். காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டை வெளியே எடுத்துப் பார்த்தால், முன்பாதி மட்டும் கெட்டி ஓடு, வயிறு மெத்தென்று வலப்பக்கமாக முறுகிக் கிடக்கும், நுனியில் இடப்பக்க வால்துடுப்பு பெருத்துக் கொக்கியாகி, சங்கின் நடுத்தண்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வெளியே இழுத்தால் அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை. விளக்கக் குறிப்பு எழுதுபவர்கள் இங்கே தயவுசெய்து ‘வலம்புரி’ என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலான சங்குகள் விலங்கியல் கணக்கில் வலச்சுழி, நாம் வலம்புரி என்று கொண்டாடும் அபூர்வச் சங்கோ அதே கணக்கில் இடச்சுழி, குழப்பம் நிச்சயம். வலச்சுழி, இடச்சுழி என்றே வைத்துக்கொள்வோம்.

அரச நண்டு துறவி நண்டுகளின் வழிவந்தது என்பதற்கும் வால்தான் சாட்சி. பெண் நண்டைத் திருப்பிப் போட்டால் வயிற்று மடல் இன்னும் ஒருபக்கமாகக் கோணியிருக்கும். கால்களையும் எண்ணிப் பார்க்கலாம்: கொடுக்கை விட்டுவிட்டால் குறுவாலிக்கு நாலு ஜோடி, அரச நண்டிலும் போர்சலின் நண்டிலும் மூன்று ஜோடிதான் தெரியும், கடைசி ஜோடி சிறுத்து ஓட்டுக்கடியில் ஒளிந்திருக்கும்.

நண்டு அல்லாதது பரிணாமத்தில் நண்டு உருவம் எடுப்பதற்கு, அதாவது 1916இல் விலங்கியலாளர் போரடைல் பெயரிட்ட கார்சினைசேஷனுக்கு, ‘நண்டுமயமாதல்’ என்று ஒரு பரிந்துரை வந்திருந்தது. தாராளமயமாதல் மாதிரி ஏதோ அரசுக் கொள்கை போல ஒலிக்கிறது. ‘நண்டாதல்’ போதும், ஐந்தெழுத்தில் முடிகிறது.

‘துறவி நண்டு’ பற்றி: அளவு வாரியாக வரிசையில் நின்று, பெரிய நண்டு காலி செய்த சங்கை அடுத்தது பிடிக்க, அதன் சங்கை அதற்கடுத்தது பிடிக்க என்று வீடு மாறுகிற உயிரியில் துறவு எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் பெயர் பரவிவிட்டது, கைவைக்க வேண்டாம்.

நிஜமான சிக்கல் ‘அரச நண்டு’தான். விலங்கியல் வகுப்பில் லிமுலஸை இதே பெயரில் படித்தவர்கள் நம்மில் நிறைய. அது நண்டே இல்லை, தேள், சிலந்தி வகையறாவுக்கு நெருக்கம். லிமுலஸைக் குதிரைலாட நண்டு என்று ஒதுக்கிவிட்டு, அரச நண்டு என்பதை அலாஸ்கா நண்டின் லித்தோடிடே குடும்பத்துக்கே கொடுத்துவிடலாமா, இல்லை இரண்டுக்கும் வேண்டாமா? கருத்து சொல்லுங்கள்.