டி.ஐ.ஆர். கார்னே: ‘கடவேடு’ சரிவருமா?

முதுநகரான், கடலூர்:

தமிழ்ச் சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

எல்லை தாண்டிப் போகும் லாரிச் சரக்கு பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓட்டுநர்களும் லாரி ஆபீஸ் எழுத்தர்களும் படிக்கப்போவது. ‘டி.ஐ.ஆர். கார்னே’யில் வந்து மாட்டிக்கொண்டேன்.

பொருள் தெரியாதவர்களுக்காக: டி.ஐ.ஆர். என்பது ‘பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து’ என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். அதற்கான 1975 ஜெனீவா உடன்படிக்கையின்படி, சரக்கு கிளம்பும் நாட்டுச் சுங்கம் சோதித்து, பெட்டியை மூடி சீல் வைக்கும். நடுவில் உள்ள நாடுகள் சீலையும் தாளையும் பார்த்து விட்டுவிடும். வழக்கமாகப் பெட்டியைத் திறப்பதில்லை, வரி கேட்பதில்லை. வழியில் சரக்கு காணாமல் போய், வரி கட்டவேண்டியவரிடம் வசூலாகாவிட்டால், அந்த நாட்டில் பொறுப்பேற்ற சங்கம் ஒரு வரம்பு வரை கட்டும். இந்தியா 2017இல் சேர்ந்தது. இங்கே பொறுப்பேற்றிருப்பது இந்திய வணிக, தொழில் கூட்டமைப்பான ஃபிக்கி.

வண்டியோடு போகும் புத்தகம்தான் கார்னே. 4, 6, 14, 20 இதழ்கள் என்று பல அளவில் வரும். ஒரு நாட்டுக்கு இரண்டு இதழ்: நுழையும்போது வெள்ளை, வெளியேறும்போது பச்சை. 14 இதழ் இருந்தால் ஏழு நாடு கடக்கலாம். சுங்கத்தார் இதழைக் கிழித்துக்கொண்டு, செக் புத்தகம் போல உள்ளே நிற்கும் அடிக்கட்டையில் முத்திரை குத்துவார்கள்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: ‘வழிச்சீட்டு’, ‘சுங்க அனுமதிப் புத்தகம்’, ‘பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்துச் சுங்க உத்தரவாதப் பதிவேடு’. கடைசிச் சொல்லை ஏற்ற ஒரு லாரி போதாது. அனுமதிப் புத்தகம் என்றால் பெர்மிட் என்று நினைத்துவிடுவார்கள். ‘வழிச்சீட்டு’ என்றதும் சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. தாளான இ-வே பில்தான் ஞாபகம் வரும். அதோடு, இது சீட்டே அல்ல. இதழ் இதழாகக் கிழிபடுவதில்தான் இதன் வேலையே இருக்கிறது.

என் பரிந்துரை: கடவேடு. கடவு + ஏடு. கதவு + அழகு ‘கதவழகு’ ஆவது போன்ற புணர்ச்சிதான்.

வில்லியனூரான், புதுச்சேரி:

ஐயா, ஏடு சரி. பிரெஞ்சில் ‘கார்னே’ என்றாலே சிறு குறிப்பேடுதான், பொருந்துகிறது. கடவுதான் இடிக்கிறது. கடவுச்சீட்டு ஆளுக்கு உரியது. இங்கே நகர்வது சரக்கு, சிக்கல் வரி. குறளிலேயே சுங்கவரிக்கு ‘உல்குபொருள்’ என்று இருக்கும்போது உல்கேடு என்று வைத்தால் என்ன? சின்னச் சொல், நறுக்கென்று இருக்கிறது.

இன்னொன்று. நடுவழி நாட்டில் வரி இல்லாமல் கடந்துபோவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. வில்லியனூரில் லோடு ஏற்றி விழுப்புரம் போகும் வண்டி கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் போய், திருபுவனைப் பக்கம் மறுபடி புதுச்சேரிக்குள் வந்து, மதகடிப்பட்டு தாண்டியதும் திரும்பத் தமிழ்நாடு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை வணிகவரி செக்போஸ்ட் இருந்த காலத்தில், வேறு மாநிலச் சரக்கு தமிழ்நாட்டு வழியாகப் போக ‘டிரான்சிட் பாஸ்’ வாங்கவேண்டும். அதற்கு யாரும் தமிழ்ச்சொல் கேட்கவில்லை. நாமும் கொடுக்கவில்லை.

முதுநகரான்:

உல்கு நல்ல சொல். ஆனால் அதை இன்று யார் சொல்கிறார்கள்? குலோத்துங்கனே ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ தான், உல்கு தவிர்த்தவன் அல்ல. அதைவிடப் பெரிய தடை பொருளில் இருக்கிறது. உல்கேடு என்றால் வரி கட்டியதைக் குறித்த ஏடு என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்தப் புத்தகமோ வழியில் வரி கட்டாமல் போவதற்காகவே இருப்பது. நேரெதிர்.

கடவு ஆளுக்கு மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. கணினித் தமிழில் கடவுச்சொல் நிலைத்துவிட்டது. இலங்கையில் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் இடம் ‘கடவை’. தடுத்து நிறுத்தும் இடத்தில் விடச்செய்வது எதுவோ அதெல்லாம் கடவுதான். உங்கள் டிரான்சிட் பாஸையும் அங்கேயே சேர்க்கலாம்: வழியில் கடந்துபோகும் நிலை ‘கடவுநிலை’, அதில் போவது ‘கடவுச் சரக்கு’.

ஒரு சொல் தனக்கு அடுத்த சொற்களையும் பெற வேண்டும் அல்லவா? கார்னே ஒன்றல்ல. கண்காட்சிக்கும் படப்பிடிப்புக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் பொருளுக்கு ஏ.டி.ஏ. கார்னே, 1961 உடன்படிக்கை. வெளிநாட்டுக்குச் சொந்த வண்டியையே ஓட்டிப்போனால் வண்டிக்குத் தனிக் கார்னே. இவற்றை சாலைக் கடவேடு, மீள்வரவுக் கடவேடு, வண்டிக் கடவேடு என்று பிரித்துவிடலாம். 2021 மே மாதம் டி.ஐ.ஆர். உடன்படிக்கையில் மின்னணு முறைக்கான பின்னிணைப்பும் நடைமுறைக்கு வந்துவிட்டது, அது மின்கடவேடு. ‘உத்தரவாதப் பதிவேட்டை’ வைத்து இதைச் செய்துபாருங்கள், தெரியும்.

வில்லியனூரான்:

வரி கட்டாததற்கு உல்கு எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் ‘சாலைக் கடவேடு’ பொருந்துமா? நம் பக்கம் வெளிநாட்டோடு நில எல்லை கிடையாது. கடலூர் சிப்காட் சரக்கு எப்படியும் சென்னைத் துறைமுகம் போய்க் கப்பலில்தானே ஏறும்?

முதுநகரான்:

பயணத்தில் ஒரு பகுதியாவது சாலையில் இருந்தால் போதும் என்கிறது உடன்படிக்கை. நடுவில் கப்பலும் ரயிலும் வரலாம். சிப்காட்டில் சீல் வைத்த பெட்டி கப்பலேறி, உடன்படிக்கையில் உள்ள வேறொரு நாட்டில் இறங்கி, மறுபடி லாரியில் மூன்றாம் நாட்டுக்குப் போகலாம். ‘சாலை’ பொருந்தும்.

சிப்காட் பக்கத்து லாரி ஆபீஸிலிருந்து:

அண்ணன்மாருக்கு வணக்கம். படித்துக்கொண்டே இருந்தேன், ஒன்று சொல்லலாமா? எங்கள் டிரைவர்கள் ‘கார்னே’ என்றுதான் சொல்வார்கள். முதல் பக்கத்தில் ‘கடவேடு, அதாவது கார்னே’ என்று ஒருமுறை சேர்த்துப் போட்டால் பிறகு பழகிவிடும்.

எங்களுக்கு அதைவிட அவசரமாகச் சொல் வேண்டியது வேறு. மேற்கு வங்கத்துப் பெட்ராபோல் எல்லையில் நம் வண்டி அந்தப் பக்கம் பெனாப்போல் வரை போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும். அங்கிருந்து வங்கதேச லாரி ஏற்றிக்கொண்டு போகும். இறக்குகூலி, ஏற்றுகூலி, ஹால்ட்டிங் (வண்டி காத்துக்கிடக்கும் கூலி), சேதாரம் எல்லாம் அந்த இடத்தில்தான். வண்டி நேராகப் போகட்டும் என்று 2015இல் திம்புவில் இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூடான் என நான்கு நாடு கையெழுத்துப் போட்டது. பூடான் பின்வாங்கிவிட்டது. கடவேடு செல்லும் வழிகளில் மிச்சமாவது இந்தமாதிரிச் செலவுதான் என்று கையேட்டில் சொல்லாவிட்டால், படிக்கிறவனுக்கு இது இன்னொரு தாள் தொல்லை. நாங்கள் ‘லோடு மாத்துறது’ என்போம். புத்தகத்துக்கு எது சரி?

முதுநகரான்:

தம்பி, நீங்கள் சொன்னதையே வைத்துக்கொள்கிறேன்: பாரமாற்று. ‘இடைப்பரிமாற்றம்’ என்று என் வரைவில் இருந்ததை அடித்துவிட்டேன்.

மிச்சம் ஒன்றுதான். அடிக்கட்டையில் குத்துவதும் முத்திரை, பெட்டிக் கதவில் மாட்டும் உலோகப் பூட்டும் முத்திரை. ‘முத்திரை சரியாக உள்ளதா எனப் பார்க்கவும்’ என்று எழுதினால் டிரைவர் எதைப் பார்ப்பார்? குத்துவது முத்திரை, மாட்டுவது சீல் என்றே போடப்போகிறேன். ‘பூட்டுப்பொறி’ என்று யாராவது எழுதுமுன் சொல்லிவைக்கிறேன்: அதை எலி பிடிக்க வைத்தது என்று நினைப்பார்கள்.