கோள் அளவுத் தலைநகரம்: சூட்டை எங்கே கொட்டுவது?

தொடுவானம்:
நான் எழுதும் கதையில் ஒரு வேற்றுக்கோள் இனம் வருகிறது. சனியின் துணைக்கோளான டைட்டனைப் போல மீத்தேன் ஏரிகள் உள்ள உலகத்தில் பிறந்தவர்கள். மைனஸ் 179 டிகிரிதான் அவர்களுக்கு இதமான குளிர். தலைநகரத்தைப் பூமி அளவுக்கு ஒரே உருண்டையாகக் கட்டியிருக்கிறேன். மேற்பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர், அதன் கீழே நூறு அடுக்கு. எந்த விண்மீனுக்கும் பக்கத்தில் இல்லாமல் இருட்டில் மிதக்கிறது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

கொதிகலன்:
நூறு அடுக்கில்தான் சிக்கல். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 43,000 பேர். ஒவ்வொரு அடுக்கிலும் அதே நெருக்கம் என்று வைப்போம். மனித உடல் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடும். உங்கள் மக்களும் அப்படித்தான் என்றால், நூறு அடுக்குக்கும் சேர்த்து மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 430 வாட்டை வெளியேற்ற வேண்டும். விண்வெளியில் காற்று கிடையாது, கதிர்வீச்சு ஒன்றுதான் வழி. மைனஸ் 179-ல் இருக்கும் பரப்பு 4.4 வாட்டுக்கு மேல் வீசாது. விளக்கு, வண்டி எதையும் சேர்க்காமலே மேல்தளம் 22 டிகிரிக்கு ஏறிவிடும். அவர்களுடைய ஏரிகள் அதற்கு வெகு முன்பே ஆவியாகியிருக்கும்.

உருண்டையை விடுங்கள். 1970களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓநீல் விண்வெளிக் குடியிருப்புகளாக முன்வைத்தாரே, 32 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் குறுக்களவு உள்ள உருளைகள், அவற்றை லட்சக்கணக்கில் மிதக்க விடுங்கள். சுடுசோற்றைத் தட்டில் பரப்பினால்தானே ஆறும்?

தொடுவானம்:
கணக்கு சரி, முடிவு சரியில்லை. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் கை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே பால் குளிர்ந்துதான் இருக்கிறது. என் நகரத்தின் மேல் 327 டிகிரியில் தகிக்கும் கோபுரங்களை நிறுத்துகிறேன். ஒரு பங்கு வெப்பத்தை அங்கே ஏற்றக் குறைந்தது 5.4 பங்கு ஆற்றல் செலவாகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சூட்டில் பரப்பு 1,600 மடங்குக்கு மேல் வீசும். செலவு போக 250 மடங்கு லாபம்.

அப்புறம், தலைநகரம் என்றால் எல்லோரும் வந்து சேரும் ஓர் ஊர். உருளைகள் மூன்று லட்சம் கிலோமீட்டருக்குப் பரவினால், ஒரு முனையில் கேட்ட கேள்விக்கு மறுமுனையிலிருந்து பதில் வர இரண்டு வினாடி. சபையில் ஒருவர் குறுக்கிட்டுப் பேசக்கூட முடியாது.

நெய்தல்:
சூட்டைக் கோபுரங்களுக்கு ஏற்றும் பம்ப் நின்றுபோனால்? போன மே மாதம் எங்கள் வீட்டில் எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிட்டு அடுத்த தட்டு வரை வழிந்திருந்தது. மீத்தேன் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 161-ல் கொதிக்கும். உங்கள் மக்களுக்கும் சாவுக்கும் நடுவே 18 டிகிரிதான் இருக்கிறது.

ஆனால் உருண்டையைக் கைவிடச் சொல்ல எனக்கு மனசில்லை. மீத்தேன் மைனஸ் 182-ல் உறையும். மீன் பெட்டியில் ஐஸ் நிரப்புகிற மாதிரி, ஒவ்வொரு அடுக்கின் அடியிலும் ஒரு மீட்டர் கனத்துக்கு உறைந்த மீத்தேனை நிரப்பி வையுங்கள். பம்ப் நின்றாலும் உருகி முடியும்வரை சூடு ஏறாது. உடல் சூடு மட்டும் என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும்.

தொடுவானம்:
நெய்தல், இது கதைக்குள் வந்தே தீரும். பழுது பார்க்கும் அந்த நாட்களில், காலடியில் பனி உருகும் சத்தம் கேட்டபடி ஒரு நகரமே காத்திருக்கும்!

கொதிகலன்:
அழகான யோசனைதான். ஆனால் உடல் சூட்டோடு நிறுத்திவிட்டீர்கள். இவ்வளவு முன்னேறிய இனம் ஆளுக்கு 1,000 வாட்டாவது செலவழிக்காதா? நாமே உலக சராசரியில் 2,000-ஐத் தாண்டிவிட்டோம். 1,000 என்றாலே நெய்தலின் பனி ஒரு வாரத்தில் தீரும். உங்கள் 250 மடங்குக் கணக்குப்படி கோபுரங்கள் சதுர மீட்டருக்கு 1,100 வாட்தான் இறக்கும், நகரம் 4,300 வாட் கக்கும். ஒரே ஊராகத்தான் வேண்டும் என்றால் நூறு அடுக்கை இருபத்தைந்தாகக் குறையுங்கள். அதுவரை நான் உருளைகள் பக்கம்தான்.