வாத்து நெஞ்சுக்கறி: தோல் மொறுமொறுப்பாக வரவில்லை, சாஸ் உப்புக் கரிக்கிறது

அடுப்படி அன்பன்:

சென்ற திருமண நாளன்று ஓர் உணவகத்தில் வாத்துக் கறி சாப்பிட்டோம். பிரெஞ்சு முறையில் வறுத்த நெஞ்சுக்கறி. அதன்மேல் ஆரஞ்சு, சோயா சாஸ், அன்னாசிப்பூ சேர்ந்த கருஞ்சிவப்பு சாஸ். பல் பட்டதும் தோல் நொறுங்கியது. இறைச்சி உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அதிகம் பேசாத என் மனைவி தட்டை வழித்துவிட்டு, "இதை வீட்டில் செய்ய முடியுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

மூன்று முறை முயன்றுவிட்டேன். முதல்முறை கோழிக்குச் செய்வதுபோல் சட்டியை நன்றாகக் காயவைத்துப் போட்டேன். மூன்றே நிமிடத்தில் தோல் சிவந்தது. அடியில் கொழுப்பு ரப்பர் போல் அப்படியே இருந்தது. இரண்டாம் முறை தேனும் சீன ஐந்து மசாலாத் தூளும் தடவினேன், கருகிக் கசந்தது. மூன்றாம் முறை அவனில் வைத்தேன். கறி சாம்பல் நிறமாகி, ஈரல் வாடை அடித்தது. சாஸ் மூன்று முறையும் உப்பு. கடைசியில் வெண்ணெய் சேர்த்ததும் எண்ணெய் பிரிந்து மிதந்தது.

அடுத்த மாதம் மீண்டும் திருமண நாள். எழுபத்தாறு வயதான மாமனாரும் உடன் சாப்பிடுவார். இளஞ்சிவப்புக் கறியை அவர் தொடமாட்டார். எங்கே தவறுகிறேன்?

இரும்புச்சட்டி:

ஐயா, பதினோரு ஆண்டுகள் உணவகச் சமையலறையில் கறி வறுக்கும் அடுப்பில் நின்றவன் நான். உங்கள் முதல் தவறு சூடான சட்டி. வாத்தின் தோலுக்கும் கறிக்கும் நடுவே தடித்த கொழுப்புப் படலம் இருக்கிறது. அது உருகி வெளியேறினால்தான் தோல் மொறுமொறுப்பாகும். சூடான சட்டியில் கொழுப்பு உருகுமுன் தோல் சிவந்துவிடும்.

முதல் நாள் இரவே தோலைக் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். கத்தி கொழுப்பைத்தான் வெட்ட வேண்டும். கறியில் பட்டால் சாறு கசிந்து தோலை நனைத்துவிடும். உப்பு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் ஈரம் துடைத்து, குளிர்ந்த சட்டியில் எண்ணெய் இல்லாமல் தோல் கீழே இருக்க வைத்து, அதன் பிறகு சிறு தீ மூட்டுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் புரட்டவே கூடாது. சேரும் கொழுப்பை அவ்வப்போது வடித்துவிடுங்கள். மெல்லச் சலசலக்கும் ஓசை போதும். வெடித்தால் தீயைக் குறையுங்கள். பிறகு புரட்டி இரண்டு மூன்று நிமிடம். நடுவில் வெப்பமானி 54 டிகிரி செல்சியஸ் காட்டும்போது எடுத்து, எட்டு நிமிடம் ஆறவிட்டு நறுக்குங்கள். தோலை மேலே வைத்து ஆறவிடுங்கள், கீழே வைத்தால் நமத்துவிடும்.

ஐந்து மசாலாவைக் கறிப் பக்கம் மட்டும் தடவுங்கள். தேன் வேண்டாம், இனிப்பு சாஸில் இருக்கட்டும்.

நளபாகம்:

தோலைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. சாஸைச் சொல்கிறேன், சகோதரரே. நீங்கள் சோயாவை முதலிலேயே ஊற்றிச் சுண்டவைத்திருப்பீர்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது.

பிரெஞ்சு ஆரஞ்சு வாத்துக்கு அடிப்படை காஸ்ட்ரிக், அதாவது சர்க்கரையைக் கேரமலாக்கி வினிகர் ஊற்றிக் கரைப்பது. இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை செம்பொன் நிறமானதும், மூன்று மேசைக்கரண்டி அரிசி வினிகர் விடுங்கள் (ஆவி கண்ணை எரிக்கும், தள்ளி நில்லுங்கள்). இரண்டு ஆரஞ்சின் சாறு, உப்பில்லாத எலும்புச் சாறு ஒரு கோப்பை, ஒரே ஒரு அன்னாசிப்பூ. மூன்றில் ஒரு பங்காகச் சுண்டட்டும். அன்னாசிப்பூவைப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஐந்து மசாலாவிலும் அது இருக்கிறது, மிஞ்சினால் மருந்து வாடை வரும்.

இரண்டு தேக்கரண்டி சோயாவைக் கடைசியில், சுவைத்துப் பார்த்துச் சேருங்கள். பிறகு அடுப்பை அணைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுச் சுழற்றுங்கள். வெண்ணெய் விழுந்த பிறகு சாஸ் கொதித்தால் திரிந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பொறுமைசாலி:

மாமனாருக்கு நெஞ்சுக்கறியை முழுதாக வேகவைத்துக் கொடுக்காதீர்கள்; அது அந்தக் கறிக்கும் அவருக்கும் செய்யும் அநியாயம். அமெரிக்க வேளாண் துறை வாத்துக்கும் 74 டிகிரியைத்தான் பாதுகாப்பான அளவு என்கிறது. முதியவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்தில் நான் அதை மீறவே மாட்டேன். ஆனால் அந்தச் சூட்டில் நெஞ்சுக்கறி வறண்டுவிடும்.

அவருக்கு வாத்தின் கால் கறியைச் செய்யுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாத்துக் காலை அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து 'கான்ஃபி' செய்வார்கள்; கால் தசை வேக வேக மென்மையாகும். இஞ்சி, வெங்காயத்தாள், சிறிது சோயா, எலும்புச் சாறு சேர்த்து, மூடிய பாத்திரத்தில் 150 டிகிரி அவனில் இரண்டரை மணி நேரம் வையுங்கள். கடைசி அரை மணிக்கு மூடியை எடுத்துவிடுங்கள். அதே ஆரஞ்சு சாஸை அதன்மேலும் ஊற்றலாம்.

அடுப்படி அன்பன்:

ஒத்திகையாக நேற்று செய்தேன். குளிர்ந்த சட்டியில் வைத்தபோது கை தயங்கியது. ஐந்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தச் சலசலப்பு தொடங்கியது. பதினான்காம் நிமிடம் புரட்டினேன், தோல் முழுவதும் ஒரே பொன்னிறம். 54 டிகிரியில் எடுத்தேன். சாஸ் பிரியவில்லை, சோயா ஒன்றரைத் தேக்கரண்டியே போதுமானதாக இருந்தது.

மாமனார் கால் எலும்பைச் சுத்தமாக வைத்துவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என் தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்துக்கொண்டாள். வடித்த கொழுப்பு ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் இன்று உருளைக்கிழங்கு வறுக்கிறேன்.